முயல் கடிக்காது

"பதினாலாவதுல ஈக்கிற விஷப் பாம்ப எடுத்துடு. கடிக்காத ஒண்டப் போடு."

ஸிபான் மடிக்கணினியைப் பார்த்துச் சொன்னான். விளையாட்டு மென்பொருளுக்குள் இருந்த ஏஐ உடனே எழுதிக் காட்டியது: 'விஷப் பாம்பு நீக்கப்பட்டது. முயல் சேர்க்கப்பட்டது. முயலுக்குக் கோபம் வர வேண்டுமா?'

"வரவே கூடாது."

"டேய், இது கொலைகாரக் காடா, முயல் பண்ணையா?" என்றான் பக்கத்தில் கட்லட் தின்றுகொண்டிருந்த ஹுதைபா.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர் கடையின் மேல்மாடி. ஞாயிறு பின்னேரங்களில் நண்பர்கள் கூடி அங்கே கதை விளையாட்டு ஆடுவார்கள். ஸிபான் கதை சொல்வான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வீரன். திரையில் இருபது பக்கப் பகடை உருளும். விழுந்த எண்ணுக்கு நேரே அட்டவணையில் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் வீரனுக்கு நடக்கும். வீரன் செத்தால் ஆள் எழுந்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். கதை முடியும்வரை திரும்பி வர முடியாது. இந்தக் கதை எப்படியும் இரண்டு வருடம் ஓடும்.

"மச்சான், நளீர் மாமா இதுல எவ்வளவு பைத்தியம் எண்டு ஒனக்குத் தெரியும்தானே? அவர்ட வீரன் செத்தா மனுசன் நொந்துடுவார். அவர் நொந்தா ஏண்ட நிக்காஹ் அம்போ."

நளீர் மாமா ரிஸ்னாவின் வாப்பா. ரிஸ்னாவை ஸிபானுக்குக் கலியாணம் பேசி முடித்தாயிற்று. தேதியை மட்டும் மாமா இழுத்தடித்துக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்த அன்று, மரியாதைக்கு "நீங்களும் விளையாட வாங்க மாமா" என்று ஸிபான் கூப்பிட்டு வைத்தான். வந்தவர் அதன்பிறகு ஒரு ஞாயிறைக்கூடத் தவறவிடவில்லை.

"இருபதாவதுல அரக்கன் தலைய வெட்டுறான் எண்டு ஈக்கி. அதயும் மாத்து" என்றான் ஸிபான்.

'அரக்கன் தேத்தண்ணி கொடுக்கிறான் என்று மாற்றலாமா?' என்று கேட்டது ஏஐ.

"நல்லா ஈக்கி. மாத்து."

ஹுதைபா தலையில் கை வைத்துக்கொண்டான்.

மாமா மூச்சு வாங்க மாடியேறி வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"மகன், இண்டக்கி ஆக ஆபத்தான எடம் எது?"

"பாழுங்கெணறு ஒண்டு ஈக்கி மாமா. உள்ள போன ஒருத்தனும் திரும்பி வந்ததில்ல."

"பாயிறேன்."

"மாமா, கயிறு ஈக்கி, கட்டிட்டு எறங்குங்களேன்" என்றான் ஹுதைபா.

"கயிறு வாணாம். வாளும் வாணாம். கேடயத்த நீங்க வெச்சிக்கோங்க மகன்."

ஸிபானுக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த வயதில் என்ன துணிச்சல்! இப்படியொரு மாமனார் கண்டியில் வேறு எவனுக்கு வாய்த்திருக்கிறார்?

பகடை உருண்டது. பதினாலு.

"முயல் ஒண்டு வந்து உங்கட கால நக்குது மாமா."

"கடிக்காதா?"

"கடிக்காது."

"வாலப் புடிச்சி இழுத்தா?"

மறுபடி உருண்டது. மூன்று.

"தேவதை வந்து உங்கட காயத்த எல்லாம் சொகமாக்குது."

"எனக்குத்தான் காயமே இல்லயே!"

"அப்ப இன்னொரு உயிர் தருது மாமா. இப்ப உங்களுக்கு ரெண்டு உயிர்!"

மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று ஸிபான் நினைத்தான்.

"போன கெழம சொன்னீங்களே, அந்தத் தூங்குற அரக்கன் எங்க? நேரா போய் அவன்ட மூக்குல குத்துறேன்."

இருபது விழுந்தது.

"அரக்கன் எழும்பித் தேத்தண்ணி ஊத்துறான் மாமா. சீனி போடவா எண்டு கேக்கிறான்."

ஹுதைபா சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பினான். மாமா எழுந்து நின்றார்.

"மாமா, அந்தத் தேதி..." என்று ஸிபான் மெல்ல ஆரம்பித்தான்.

"பொறுங்க மகன், பொறுங்க" என்றபடி மாமா படியிறங்கினார்.

வெளியே மழை. கதிரையில் மாமாவின் குடை கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு ஓடிய ஸிபான், பாதிப் படியில் நின்றுவிட்டான். கீழே மாமா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்ல ரிஸ்னா, இண்டக்கியும் சாகல்ல. என்னென்னமோ செஞ்சி பாத்துட்டேன், ஒண்டும் கொல்லுதில்ல! அவர்ட மனசு நோகாம இந்த வெளயாட்டுலருந்து கழற அது ஒண்டுதானே வழி எண்டு நீதானே சொன்ன? ஓம், தங்கமான புள்ளதான். ஆனா கலியாணம் முடிஞ்சா மாப்புள நம்மட ஊட்டுலதானே ஈக்கப் போறார். பொறகு ஒவ்வொரு ராவும் என்ன உக்கார வெச்சி உருட்டுவாரே! முடியாது மகள். நான் மவுத்தாகணும், அடுத்த நாளே நிக்காஹ்!"