பூனைக்காலிப் பரீட்சை

பார்க்கின்சன் வந்து கை நடுங்குவதில் மருதாசலத்துக்கு இருந்த கோபத்தைவிட, மனைவியின் தம்பி சென்னியப்பன் தினமும் காலையில் வருவதில் இருந்த கோபம் பெரியது. பூனைக்காலி விதையைப் பாலில் வேகவைத்துப் பொடித்துக் கொடுப்பவன் அவன்தான். பொடி உள்ளே போன ஒரு மணி நேரத்தில் பரீட்சை. விளிம்புவரை காபி ஊற்றிய டம்ளரை அக்கம்பக்கத்தார் முன்னால் மருதாசலம் கைநீட்டிப் பிடிக்க வேண்டும். சிந்தாவிட்டால், "பாத்தீங்களா, மருந்து பேசுது!" சிந்தினால், "மாமா திருட்டுத்தனமாக் கத்திரிக்காய் தின்னிருக்காரு." ஜெயித்தால் மருந்து, தோற்றால் மருதாசலம்.

அன்றைக்குக் கை கல் மாதிரி நின்றது. ஆறு பேர் கைதட்டினார்கள். செல்போனில் படம்பிடித்தபடி சென்னியப்பன் குனிந்தான்.

"இன்னும் கிட்ட வா மாப்ள."

வந்தான். அவன் உச்சந்தலைக்கு நேராக டம்ளரைக் கொண்டுபோய், நிதானமாக, ஒரே தாரையாகக் கவிழ்த்தார் மருதாசலம்.

"ஐயோ, கை நடுங்கிருச்சே!" என்று மனைவி துண்டோடு ஓடி வந்தாள்.

"நடுங்கல. நானாத்தான் ஊத்துனேன்."

"பரவால்ல மாமா" என்றான் சென்னியப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நோய் பண்றதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" ஆறு பேரும் உச்சுக்கொட்டினார்கள்.

மருதாசலம் காலி டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

"இன்னொன்னு கொண்டா. கொதிக்கக் கொதிக்க."