வியாழக்கிழமை எச்சரிக்கை

“மறுபடியும் வந்திருச்சு சார். அதே சிவப்புக் கட்டம்.”

ரிசப்ஷன் பெண் கணினித் திரையை அவன் பக்கம் திருப்பினாள். ‘உங்கள் கணினியில் விளம்பர நிரல் நுழைந்துள்ளது’ என்று ஆன்டிவைரஸ் அலறிக்கொண்டிருந்தது. அது கைகாட்டிய குற்றவாளி, அவன் எழுதி விற்ற அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர். பல் டாக்டரின் கிளினிக்கில் இந்தக் கூத்து நடப்பது இது ஆறாவது வியாழக்கிழமை.

“பல் வலின்னு வர்றவங்ககூட ஆறு தடவை வர மாட்டாங்க” என்று சிரித்தபடியே தன் நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தாள். “சீக்கிரம் பாருங்க. டாக்டர் இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்காங்க.”

சாஃப்ட்வேர்க்காரனுக்கு நோய் என்னவென்று முதல் வாரமே பிடிபட்டுவிட்டது. அடுத்த நோயாளி எத்தனை மணிக்கு என்று சொல்ல, திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். ஆன்டிவைரஸ் அதை விளம்பரம் என்று நினைத்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

‘இது நம்ம ஆள்தான்’ என்று விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை. போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் அவன் வாராவாரம் இரண்டு பஸ் மாறி நேரில் வந்துகொண்டிருந்தான். அதற்கான காரணம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தது.

சேர்த்துவிட்டுப் போனது அடுத்த வியாழன் எப்படிக் காணாமல் போகிறது என்று அவன் துருவிப் பார்க்கவில்லை. பார்க்கப் பிரியமும் இல்லை.

ஒரே கஷ்டம், டாக்டர்தான். ஒரு நோயாளி எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில், முகக்கவசமும் கையுறையுமாக வெளியே வந்து அவனைக் குடைந்தெடுப்பார். காசு கொடுத்து வாங்கின சாமானை நம்ப வேண்டுமானால் அதைச் செய்தவனை நம்ப வேண்டும் என்பது அவர் கட்சி. எங்கே படித்தான், நாளைக்கும் கம்பெனி இருக்குமா, கடன் கிடன் உண்டா என்றெல்லாம் கேட்டார். ஆபீஸில் கூட யார் என்றதற்கு, வீடுதான் ஆபீஸ், கூட இருப்பது அம்மா மட்டும் என்றான். அவசரத்துக்குக் கூப்பிட்டால் தெளிவாகப் பேசும் நிலையில் இருப்பானா, இல்லை சாயங்காலம் ஆனால் தண்ணியா என்று போன வாரம் கேட்டபோது அவனுக்கு வியர்த்தே விட்டது. டீயைத் தாண்டிப் போனதில்லை என்று சத்தியம் செய்யாத குறை.

ரிசப்ஷன் பெண்ணுக்கு விழுகிற திட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஒரு நோயாளியின் சீட்டு இடம் மாறினால் போதும், அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று தெரிய வேண்டும் என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார் டாக்டர். வார்னிங் நிஜமென்றால் சாஃப்ட்வேர் குப்பைக்கு. பொய்யென்றால் அது ஏன் வாராவாரம் வருகிறது என்று சொல்லியாக வேண்டும்.

அவன் சட்டைப்பையில் பதில் இருந்தது. தன் சாஃப்ட்வேரை ஆன்டிவைரஸ் கம்பெனிக்கு அனுப்பி வைத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தான். சாஃப்ட்வேர் சுத்தம், தவறு தங்களுடையது, விரைவில் சரிசெய்கிறோம் என்று நேற்றுக் கடிதம் வந்தது. அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தான். நல்ல சேதிதான். ஆனால் இனி இங்கே வர ஒரு சாக்கும் இல்லை.

கடைசி முறைதானே என்று, ஆன்டிவைரஸ் எழுதி வைத்திருக்கும் பழைய பதிவுகளை முதன்முறையாகத் திறந்தான்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் காலை ஒன்பதே பத்துக்கு, யாரோ இதே மேஜையில் உட்கார்ந்து, விலக்குப் பட்டியலிலிருந்து அவன் சாஃப்ட்வேரைக் கையால் நீக்கியிருந்தார்கள்.

மெல்ல நிமிர்ந்தான். ரிசப்ஷன் பெண் அவசரமாகக் குனிந்து, ஏற்கெனவே அடுக்கியிருந்த சீட்டுகளை மறுபடி அடுக்கினாள்.

அவன் நெஞ்சுக்குள் மேளம் கொட்டியது. நாம் வரவேண்டும் என்பதற்காகவா இவள் இப்படி? மறு நொடியே டாக்டரின் நினைப்பு வந்தது. டாக்டருக்குத் தெரிந்தால் இவளுக்கு இன்றே சீட்டுக் கிழிந்துவிடும்.

அறைக்கதவு திறந்தது. டாக்டர் வந்து நின்றார்.

“என்ன முடிவு? வார்னிங் நிஜமா, பொய்யா?”

கடிதத்தைக் காட்டினால் அடுத்த கேள்வி வரும். பதிவுகளைப் பார்ப்பார். அவன் அந்தத் திரையை மூடினான்.

“நிஜம்தான் டாக்டர். தப்பு என் சாஃப்ட்வேர்லதான். எடுத்துடறேன், நீங்க வேற போட்டுக்கோங்க.”

“இன்னும் நாப்பது கிளினிக்ல உங்க சாஃப்ட்வேர்தான் ஓடுது. நான் ஒரு வார்த்தை சொன்னா உங்க பொழைப்பு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும் டாக்டர். இவங்க மேல ஒரு தப்பும் இல்லை. சரியாத்தான் வேலை செஞ்சிருக்காங்க.”

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினார். சிரித்துக்கொண்டிருந்தார்.

“பொய் சொல்லவும் வரலையே உங்களுக்கு. அந்தக் கம்பெனிக்கு நான் முதல் வாரமே எழுதிக் கேட்டுட்டேன் தம்பி. உங்க சாஃப்ட்வேர்ல ஒரு குத்தமும் இல்லை. வியாழக்கிழமை காலையில அதைப் பட்டியல்லேர்ந்து எடுத்துவிட்டது நான்தான்.”

அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

டாக்டர் ரிசப்ஷன் பக்கம் திரும்பினார். “ஆறு வாரம் குடைஞ்சு பாத்தாச்சு. உனக்குப் பிடிச்சவரை எனக்கும் பிடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க அம்மாவைக் கூட்டிட்டு வீட்டுக்கு வரச் சொல்லு.”

“நீயே சொல்லும்மா, எனக்கு வெக்கமா இருக்கு” என்றாள் டாக்டரின் ஒரே மகள்.