கூப்பிட்ட நம்பர்

நாகலெட்சுமி இடுப்பைச் சேலையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கட்டியிருந்தது புடைத்துத் தெரிந்தது.

தேயிலை ஃபாக்டரி கேட்டில் பெண்கள் உடல் சோதனைக்கு வரிசையாக நின்றார்கள். இந்தச் சோதனையை நிறுத்தச் சொல்லி நாளைக்கு வேலைநிறுத்தம். லொறியில் வெளியாட்களை இறக்கி, கொழுந்து அரைக்கும் ரோலரை ஓட்டிக் காட்டுவதாகத் தோட்டத்துத் தொரை சவால் விட்டிருந்தார்.

ரோலரின் பெல்ட் இன்று கேட்டைத் தாண்டிவிட்டால் அவர் சவால் பலிக்காது. ஸ்டோரில் வேறு பெல்ட் இல்லை. பிடிபட்டால் வேலையும் போகும், குடியிருக்கும் லயத்துக் காம்பிராவும் போகும்.

யாரைச் சோதிப்பது என்று சொல்வது கொழும்பிலிருந்து வந்த கம்பியூட்டர். வேலை முடிந்ததும், ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் மரியரட்ணம் அதைத் தட்டுவார். யாராவது ஒருத்தியின் வேலை நம்பர் வரும். அந்த நம்பர்காரி அறைக்குள் போய்ச் சேலையை அவிழ்க்க வேண்டும், மற்றவர்கள் போகலாம். கம்பியூட்டரை மட்டும் அணைக்கவே கூடாது என்று கொண்டுவந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“இதுக்கு மாமன் மச்சான் கெடையாது. யாரக் கூப்பிடும்னு எனக்கே தெரியாது,” என்றார் மரியரட்ணம்.

“பொம்பள சேலைய அவுக்குறதுக்கு ஒரு மெஷினு! அதுக்கு ஒரு பெரும வேற!” நாகலெட்சுமி சத்தமாகவே சொன்னாள். வரிசை சிரித்தது.

அவர் தட்டப்போன நேரம் விளக்குகள் அணைந்தன.

“கரண்டு போயிருச்சுங்க ஐயா! கொஞ்சம் பொறுங்க!” எஞ்சின் அறையிலிருந்து செல்லசாமி கத்தினார்.

வெளிச்சம் திரும்பியது. மரியரட்ணம் கம்பியூட்டரை மறுபடி ஓடவிட்டுத் தட்டினார். நம்பரைப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“நாகலெட்சுமி! வா புள்ள.”

பின்னால் நின்ற வேலாயி அவள் கையைப் பிடித்தாள்.

“போன கெழம இடி இடிச்ச அன்னைக்கும் ஒன்னயத்தான் கூப்பிட்டுச்சு. அதுக்கு முந்துன மழைக்கும் ஒன்னயத்தான். ஒனக்குச் சனி புடிச்சிருக்கு,” என்றார் மரியரட்ணம்.

“அந்தச் சனி ஒங்க பக்கமும் வரும் ஐயா,” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்தாள் நாகலெட்சுமி.

அறைக்குள், சோதனைக்காரி அந்தோனியம்மா இடுப்புக் கட்டை அவிழ்த்தாள். மடித்துச் சுற்றிய கிழிந்த சாக்கு ஒன்று கீழே விழுந்தது. எடுத்து உதறினாள். வேறொன்றும் இல்லை.

“என்னாடி இது?”

“குளிருதுக்கா. தலவாக்கலை கடையில கம்பளி சும்மாவா குடுக்குறாங்க?”

அவள் வெளியே வந்தபோது கேட்டில் ஒருத்தியும் இல்லை. தோட்டத்து ரோட்டு முடக்கில் வேலாயி மட்டும் வேர்த்து விறுவிறுத்து நின்றாள். நாகலெட்சுமியைக் கண்டதும் தன் இடுப்பில் சுற்றியிருந்த பெல்ட்டை உருவித் தேயிலைச் செடிகளுக்குள் வீசினாள்.

“அடிப்பாவி! என்னோட நம்பர் வந்திருந்தா என் கதி என்னா?”

நாகலெட்சுமி சேலையை உதறிச் செருகிக்கொண்டாள்.

“இடி மழையில பாத்தேல்ல, கரண்டு போயி வந்தா அது மொதல்ல என்னயத்தான்டி கூப்பிடும், பின்ன, செல்லசாமி மாமா சும்மாவா மெயின் சுவிச்ச அமத்துனாரு?”