வாசல் விட்ட இடம்

அவன் வாசலை அடைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே நின்று கல் எடுத்துக் கொடுத்தாள். முதல் வரி போனபோது ஏதோ நினைப்பில் இருக்கிறான் என்று விட்டாள். இரண்டாம் வரியும் போனது. நூல் பிடித்து நேராகக் கட்டினான். கலவை ஒரு பொட்டு வழியவில்லை.

கதவு வைக்க விட்ட இடம் அது.

சொன்னால் மேஸ்திரி காதில் விழும். விழுந்தால் நாளையிலிருந்து புருசனுக்கு வேலை இல்லை. சாயந்தரம் எல்லாரும் போனபிறகு, கலவை இறுகுவதற்குள், தானே பிரித்து எடுத்துவிடலாம்.

அடுத்த கல்லைக் கொடுத்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கப்பியில் இறங்கிய கலவைச் சட்டி அவன் முகத்தில் மோதியது. கன்னத்து எலும்பு நொறுங்கியது. தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டினார்கள்.

"மூஞ்சியோட போச்சு. தலையில பட்டிருந்தா என்னா ஆயிருக்கும்?" என்றார் மேஸ்திரி.

அவளும் அப்படித்தான் நினைத்தாள். தலையையும் படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலையில் ஒரு கீறல்கூட இல்லையே சார் என்று சொல்லிக் கூட்டிவந்துவிட்டாள்.

கன்னம் ஆறியது. வீக்கம் வடிந்தது. கண்ணாடி பார்த்து மீசை ஒதுக்கிக்கொண்டான்.

தலை வலிக்கிறது என்றான். வெயில் என்று நினைத்தாள்.

சாப்பிட்டு எழுந்தவன் மறுபடி தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தான். பசி என்று நினைத்தாள்.

சுவர் அவள் இடுப்புக்கு வந்தது.

அவன் கொத்துக் கரண்டியை நிறுத்தினான். அவளைப் பார்த்துச் சிரித்தான். தழும்பு கன்னத்தோடு சேர்ந்து மடிந்தது. நல்ல சிரிப்புதான். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் அப்படித்தான் மரியாதையாகச் சிரிப்பான்.

"உனுக்கு எந்த ஊரும்மா?"

கல் அவள் கையிலேயே இருந்தது.

"செஞ்சி பக்கம்."

"அட! எம் பொண்டாட்டியும் அந்தப் பக்கந்தான். சாயந்தரம் வருவா. அவளாண்ட சொல்றேன்."

கல்லைக் கீழே போட்டாள்.

ஈரம் காயாத கட்டுச் சுவரின் மேல் யாரும் கால் வைக்கமாட்டார்கள். அவள் வைத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். மேல் வரி சரிந்து அவன் காலடியில் விழுந்தது.

"ஐயோ, கட்டு போச்சே" என்று அவன் பதறினான்.

அவன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

வரட்டும் என்று நின்றாள்.