மேடான் டாக்டரிடமா?

“மேடான் டாக்டர்கிட்டயா கண்ணைக் காட்டுறீங்க? பெத்த பையன் மேல உங்களுக்கு அப்படி என்னக்கா கோபம்?”

கண் ஆஸ்பத்திரிக் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரி ரொசிந்தா இப்படிக் கேட்டதும் தியுர்மாவின் முகம் சுண்டிப்போனது.

அவள் மகன் தோகாருக்குப் பத்தொன்பது வயது. வலது கண்ணின் கருவிழி மாதாமாதம் மெலிந்து கூம்பாகப் புடைத்துக்கொண்டு வந்தது. லேசரால் மேட்டைச் சமன்செய்து, சொட்டு மருந்து விட்டு, ஒளியைக் காட்டி இறுக்கிவிட்டால் இருக்கிற பார்வை நிற்கும் என்றார் டாக்டர் நூர்லேலா. அந்த லேசர் ஜகார்த்தாவிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். ஒரு வரவுக்கு ஆறே பேர். இன்றைக்கு ஆறாவது பெயர் தோகார்.

இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்காரர்களைத்தான் தெரியுமே. தும்மல் வந்தாலே கடல் தாண்டி மலேசியாவின் பினாங்குக்குப் பறப்பார்கள். பறக்க வக்கில்லாதவன்தான் உள்ளூர் டாக்டரைப் பார்ப்பான் என்று தெருவே பேசும். இக்கரைக்கு அக்கரை பச்சை. நடுவில் கடலும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ரொசிந்தா பொரித்த வாழைப்பழத்தைக் கடித்துக்கொண்டே டாக்டரை உரித்துத் தொங்கவிட்டாள். அந்தம்மாவுக்குக் கை நடுங்குமாம், படிப்பே சந்தேகமாம். தான் வந்தது உறவுக்காரருக்கு மருந்துச் சீட்டு வாங்கத்தானாம். தனக்குப் பல்வலி என்றால்கூடப் பினாங்குதானாம்.

“அம்மா, இந்தத் தடவை விட்டா இன்னும் மெலிஞ்சிடும், அப்புறம் லேசரே போட முடியாதுன்னு டாக்டர் சொன்னாங்களே,” என்றான் தோகார்.

“பயமுறுத்தினாத்தானே தம்பி இவங்க கடை ஓடும்,” என்று சிரித்தாள் ரொசிந்தா. “பிள்ளை கண்ணுக்கு ஒரு டிக்கெட் போட மனசு வரலையான்னு நாளைக்குத் தெருவுல கேட்டா என்னக்கா சொல்வீங்க?”

அதுதான் சுருக்கென்று தைத்தது. மகனின் கண்ணைவிடத் தெருவின் வாய் பெரிதாகத் தெரிந்தது தியுர்மாவுக்கு. பார்வைக் கோளாறு யாருக்கு என்று கேட்காதீர்கள். விறுவிறுவென்று போய், சிகிச்சை வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டாள். நர்ஸ் இரண்டு முறை யோசிக்கச் சொன்னாள். பினாங்குக்குப் போகிறோம் என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னாள் தியுர்மா. தோகார் அம்மாவின் பின்னால் நடந்தான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே நர்ஸின் குரல் கேட்டது.

“ரொசிந்தாக்கா, ஒரு இடம் காலியாயிடுச்சு. வெயிட்டிங் லிஸ்ட்ல நீங்கதான் முதல். பொண்ணைக் கூட்டிட்டு வாங்க.”

தியுர்மா திரும்பிப் பார்த்தாள். ரொசிந்தா போனில் பேசிக்கொண்டிருந்தாள். “கார்லேர்ந்து இறங்கி ஓடி வாடி. இந்த டாக்டரை விட்டா உன் கண்ணுக்கு வேற நாதி கிடையாது.”