முதுகு காட்டிய நாற்காலி

பேய்க்குச் சாதி கிடையாது என்று பலரும், படித்தவர்கள் உட்பட, நம்பிவருகிறார்கள். இந்தப் பெரும்பிழையை உடனே திருத்தியாக வேண்டும்.

பரமத்தி வேலூரில் ஓர் அறக்கட்டளை. அதை நிறுவிய பெரியவர் காலமாகிச் சில வருடங்கள் ஆயிற்று. அவருடைய சுழல் நாற்காலியில் அடுத்த இயக்குநர் நந்தகுமார் உட்கார்ந்தார். மத்தியானத்தில் குறட்டைகூட விட்டார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை.

அருந்ததியர் காலனியில் பிறந்த வெண்ணிலா இயக்குநரானதும் பெரியவர் வந்துவிட்டார்.

வெண்ணிலா அறைக்குள் நுழைந்தால் போதும். காற்றில்லை, பக்கத்தில் ஆளில்லை. நாற்காலி தானாகத் திரும்பி முதுகைக் காட்டும்.

"ஐயாவுக்கு மனசு ஆறலைங்க அம்மிணி," என்றார் பொருளாளர் செங்கோட்டையன். "நீங்க அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துக்கோங்க."

"சரிங்க."

டீ கொண்டுவந்த சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. அவரும் அதே காலனி. "ஏஞ்சாமி, மூலையில உக்காரத்தான் இத்தனை படிச்சியா?"

"இருக்கட்டுங்கக்கா. ஐயா இங்கதான் இருக்காருன்னு எல்லாரும் நம்பட்டும்."

அந்த வாரமே அறங்காவலர் கூட்டம். பிள்ளைகளுக்கு மாலை நேரப் படிப்பு மையம் எங்கே தொடங்குவது? கோயில் மண்டபத்தில் என்றார்கள். காலனிப் பிள்ளைகள் அதன் வாசற்படி தாண்ட முடியாது. காலனியிலேயே வேண்டும் என்றார் வெண்ணிலா.

"ஐயா இருந்தா ஒத்துக்கவே மாட்டாருங்க," என்றார் செங்கோட்டையன்.

"இருக்காருன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? அவரையே கேட்டுரலாமுங்க."

வெண்ணிலா, முந்தின நாளிலிருந்தே முதுகு காட்டி நின்ற நாற்காலியிடம் கேட்டார்: "ஐயா, மையம் காலனியில வரட்டுங்களா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

நாற்காலி கிரீச்சிட்டது. மெல்லத் திரும்பியது. வெண்ணிலாவுக்கு நேராக வந்து நின்றது.

செங்கோட்டையன் அலறிவிட்டார். "ஐயோ, இன்னிக்கு நான் தூண்டில் நரம்பு கட்டி இழுக்கவே இல்லீங்களே!"

அறங்காவலர்கள் அவரையும் பார்க்கவில்லை, நாற்காலியையும் பார்க்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

மையம் காலனியில் நடக்கிறது.

செங்கோட்டையன் இப்போதெல்லாம் நாமக்கல் பஸ்ஸில், எத்தனை சீட் காலியாக இருந்தாலும், நின்றுகொண்டேதான் போகிறார்.