சோப்பு வண்டி டிரைவரின் மீசை

முதல் வாளித் தண்ணீரை அண்ணன் வீசினான். பாதி சுவரில் விழுந்தது, மீதி என் தலையில்.

"நல்லா நனைஞ்சாத்தான் பழைய பெயின்ட் தெரியும்" என்றான், என்னவோ நான்தான் சுவர் என்பதுபோல.

நாளைக் காலை அந்தச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறார்கள். செல்போன் விளம்பரம் வரப்போகிறதாம். அதற்குள் எங்களுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அப்பா ஓட்டிய சோப்புக் கம்பெனி வண்டி என்ன நிறம்?

அந்த வண்டியே எங்கள் பின்னால்தான் நின்றது. அப்பா போன பிறகு அண்ணன் அலையாய் அலைந்து, பழைய இரும்புக் கடையிலிருந்து மீட்டு வந்தான். எங்கள் கைக்கு வரும்போது துருவைத் தவிர அதில் வேறு நிறம் இல்லை. சாவி போட்டால் இருமும், கிளம்பாது. சுவரோடு சேர்த்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்ததால், பக்கத்துத் தெருப் பட்டறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தோம். அம்மா மட்டும் பின் சீட்டில் மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள்.

வண்டிக்குப் பழைய பெயின்ட்டையே அடிக்க, பட்டறைக்காரர் இன்றைக்குள் நிறத்தைச் சொல்லச் சொல்லியிருந்தார். அம்மாவைக் கேட்டால் "ஏதோ ஒரு நிறம், விடுங்களேன்" என்கிறாள்.

அப்பா தெருத்தெருவாக அந்த வண்டியை ஓட்டிச் சோப்பு விற்ற கதையைச் சோற்றோடு பிசைந்து தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். நாங்கள் பிறப்பதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள், வண்டியும் கைமாறிவிட்டது. வண்டியையும் டிரைவரையும் வரைந்த இந்த விளம்பரச் சுவர் மட்டும் மிச்சம். இதைக் கடக்கும்போதெல்லாம் அப்பா மேலே கை காட்டுவார்.

"அந்த மீசையைப் பாரு. யாரு அது?"

"நீங்க!" என்று கத்த வேண்டும். கத்தினால்தான் மிட்டாய். அம்மா அப்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

மூன்றாவது வாளியில் சுவர் விழித்துக்கொண்டது. முதலில் எழுத்து வந்தது. 'அழுக்கு போகும், நிறம் போகாது.' அப்புறம் சக்கரம், கதவு, கூரைமேல் பெரிய சோப்புக் கட்டி.

வண்டி மஞ்சள். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள்.

அண்ணன் நீலம் என்று சத்தியம் செய்தவன். நான் பச்சை. இருவருக்கும் சொன்னது அப்பாதான். சின்ன வயதில் அவனுக்கு நீலம் என்றால் உயிர், எனக்குப் பச்சை. எங்கள் அப்பா ஒரு அண்டப்புளுகர். அந்த நிமிடம் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு.

"அப்பா மூஞ்சியையும் ஒரு தடவை பாத்துடலாம்" என்று அண்ணன், வெள்ளை அடிப்பவர்கள் முன்கூட்டியே சாத்தி வைத்திருந்த ஏணியில் ஏறினான். ஈரத் துணியால் மெல்லத் துடைத்தான்.

முகம் துலங்கியது. மீசை துணியோடு வந்துவிட்டது.

"ஐயோ, அப்பா மீசை போச்சு!" நாற்பத்தைந்து வயது மனுஷன், அழுதுவிடுவான் போலிருந்தது.

மீசை இருந்த இடத்தில், மேல் உதட்டுக்கு மேலே ஒரு மச்சம். காதில் வட்டத் தோடு. இத்தனை வருடம் சட்டைக் காலர் என்று நாங்கள் நினைத்தது, தோளில் எடுத்துப் போட்ட பின்னல்.

அந்த மச்சம் எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

திரும்பினோம். பின் சீட் காலியாக இருந்தது.

அம்மா டிரைவர் சீட்டில் இருந்தாள். ஒரு குமிழைப் பாதி இழுத்தாள். காலால் இரண்டு மிதி மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி ஒரு இருமல்கூட இல்லாமல் கிளம்பியது.

நான் கார் பழகியபோது பின்னால் உட்கார்ந்துகொண்டு "பிரேக்கு எதுடி?" என்று கேட்டவள் இவள்.

"அம்மா, அப்போ அப்பா?" என்றான் அண்ணன், ஏணியிலிருந்தபடியே.

"அவருக்கு சைக்கிளே தகராறு. பக்கத்துல உக்காந்து மைக்குல கத்துவாரு. பொண்டாட்டி ஓட்டுறா, புருஷன் ஊர்வலம் போறான்னு பாக்கறவங்கல்லாம் கேலி பண்ணாங்க. ஒருநாள் கருப்பு பெயின்ட் வாங்கிட்டு வந்து அவரே ஏறி மீசை வரைஞ்சாரு. ஏணியைப் பிடிச்சதே நான்தான்."

சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள்.

"நீங்க ரெண்டு பேரும் மீசையைப் பாத்துக் கத்தும்போது அவர் மூஞ்சியைப் பாக்கணுமே. அதைப் போய் நான் கெடுப்பேனா?"

வெயிலில் சுவர் காய ஆரம்பித்திருந்தது. மஞ்சள் மறுபடி மங்கிக்கொண்டு வந்தது.

"வெள்ளை அடிக்கிறதுக்குள்ள அதைத் திரும்ப வரைஞ்சிடுடா" என்றாள் அம்மா. "மீசை இல்லாம அவர் போக வேண்டாம்."

அண்ணனின் விரல்களில் வண்டிக் கிரீஸ் கருப்பாக அப்பியிருந்தது. அது போதும் என்று இன்னும் ஒரு படி ஏறினான்.

நான் ஏணியைப் பிடிக்கப் போனேன். அம்மா எஞ்சினை அணைக்காமலே இறங்கி வந்து, என்னை நகர்த்திவிட்டுத் தானே பிடித்துக்கொண்டாள்.